முச்சந்தியில் கிடந்த முகக்கவசங்கள்

முத்துலட்சுமி வாசலில் ஒரு தூசி விழுந்தால் போதும், அது எந்த வீட்டுத் தூசி என்று விசாரணை நடக்கும். பரளச்சிப் பக்கமே அவளைப் போல் சுத்தக்காரி கிடையாது. அவள்தான், கொரோனா இரண்டாம் அலையில் கணவன் சௌந்தரபாண்டியன் அருப்புக்கோட்டையிலிருந்து காய்ச்சலோடு வந்த நாள் முதல், அவன் கழற்றிய முகக்கவசத்தைத் தினமும் குச்சியில் தூக்கிக்கொண்டு போய் முச்சந்தியில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். கண்ணேறு கழித்த உப்பும் மிளகாயும் போகிற இடம்தானே அது? நோயும் அங்கேயே தொலையட்டும் என்ற எண்ணம்.

குப்பை வண்டியில் கொடுத்தால் என்ன? வண்டி தள்ளும் துர்காதேவி பார்த்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடுமாம். இந்தப் பயம் ஒரு வீட்டுக்கு மட்டுமா! ஒருத்தர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் கையும் துணிந்தது. துர்காதேவி அவற்றைத் தொடாமல் சுற்றிக் கூட்டிக்கொண்டு போக, நாலு நாளில் முச்சந்தியில் முப்பது கிடந்தன.

ஐந்தாம் நாள் துர்காதேவி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டாள். ஊராட்சிச் செயலர் உதயகுமார் வந்து கத்தினார்.

“ஏம்மா, அள்ளுறியா, வேற ஆளப் பாக்கட்டுமா?”

“பாருங்க சார். வர்றவளும் கையாலதான அள்ளணும்? தனிப் பை கட்டிருக்கேன், காகிதத்துல மடிச்சுக் குடுங்கன்னு தொண்டை வத்தக் கத்துனேன். ஊசுன சோத்தக் குடுக்காக, இத மட்டும் ஒருத்தரும் குடுக்கல. போட்டவுக வந்து எடுக்கட்டும். நான் தொடமாட்டேன்.”

“அப்ப நாளைக்கு வர வேணாம்.”

“வரல. எனக்கும் வீட்டுல பச்சப்புள்ளைக இருக்கு.”

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. போட்டவர்கள் அத்தனை பேரும் அதில் நின்று, “யாரு பாத்த வேல இது?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, நடிப்பில் ஒரு குறையும் இல்லை.

முத்துலட்சுமி மட்டும் தன் வாசலிலேயே நின்றாள். வாயைத் திறந்தால் தெருவே தன் வீட்டை ஒதுக்கும். திறக்காவிட்டால் துர்காதேவியின் பிழைப்பு போகும். அதற்குள் துர்காதேவி, குப்பை வாங்க வரும்போது ஊதுகிற கழுத்து விசிலைக் கழற்றிச் செயலரிடம் நீட்டினாள்.

“ஏ துர்கா, நில்லு! அந்த நீலக் கலரு நாலும் எங்க வீட்டுது. அவுகளுக்குக் காய்ச்சல். ஊரு தெரிஞ்சுக்கிடட்டும், எனக்கென்ன?”

கூட்டம் பின்வாங்கியது. கூடவே நழுவிய பக்கத்து வீட்டுக்காரியை முத்துலட்சுமி விடவில்லை. “தங்கலட்சுமி, நீ என்னத்துக்கு ஒதுங்குற? பூப்போட்டது உன்னோடதுதான?”

முத்துலட்சுமி இடுக்கியும் பழைய பேப்பருமாகத் கூட்டத்தை விட்டுத் தள்ளியே நடந்து போய், தன் வீட்டு நாலையும் பொறுக்கி மடித்துத் தனிப் பையில் போட்டாள். பிறகு செயலரைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“இவள நிறுத்துனா இந்தத் தெருக் குப்பை பூராம் ஒங்க ஆபீஸ் வாசலுக்கு வரும் சார், சொல்லிட்டேன்.”

உதயகுமார் விசிலைத் திருப்பிக் கொடுத்தார். முத்துலட்சுமி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“காய்ச்சல் வந்ததுக்கு வெக்கப்பட்டுல்ல ஒளிச்சேன்! எங்க நோய இந்தப் புள்ள கையில தள்ளிவிட்டேனே, அதுக்குத்தான் வெக்கப்பட்டிருக்கணும். ஒங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். வாங்க, அவுகவுக வீட்டுத அவுகவுக எடுங்க!”