இருபத்து நாலாவது வாளி

நாத்தனார் கையில் ஊசி குத்திய நாளிலிருந்து வண்டிக்காரிக்குத் தெருவில் ஒருத்தர் முகமும் நல்ல முகமாகத் தெரியவில்லை.

தெருக் குப்பைக்கு அவர்கள் இரண்டு பேர்தான். வண்டிக்காரி குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக வாளியை வாங்கி வருவாள். அவளோடு அதே வீட்டில் இருக்கும் புருஷனுடைய தங்கை கொட்டகையில் உட்கார்ந்து பிரித்து, மக்குகிறதை உரக்குழியில் கொட்டிப் பரப்புவாள். சாக்கடையை அடைத்துக் கிடந்த குப்பைமேட்டை அள்ளிவிட்டு, தெருக்காரர்களே கூடிக் கட்டிய கொட்டகை அது. நாலு நாளைக்கு முன்னால் குழியில் தோல்களைப் பரப்பிக்கொண்டிருந்தவள் "ஐயோ அண்ணி!" என்று அலறினாள். யாரோ போட்டுக்கொண்ட ஊசி, கையுறையைத் துளைத்துக்கொண்டு விரலில் ஏறியிருந்தது.

"ஊசி யாரோடதுன்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தைப் பார்த்துடலாம். எய்ட்ஸ் மாதிரி நோய் இல்லேன்னா மாத்திரையை நிறுத்திடலாம். தெரியலேன்னா ஒரு மாசம் போட்டுத்தான் ஆகணும்," என்றார் டாக்டரம்மா. அந்தப் பாழாய்ப்போன மாத்திரை தின்றதையெல்லாம் வெளியே தள்ளியது. நாலே நாளில் நாத்தனார் பாதி ஆளாகிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணு ஆயிட்டா என் புள்ளைய நீதான் பார்த்துக்கணும் அண்ணி."

"வாயைக் கழுவு. எந்தப் புண்ணியவான்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

முதல் சந்தேகம் கம்பவுண்டர் மேல். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கே ஊசி போடுகிறவர் வேறு யார்? இவள் போய் நின்று வாயைத் திறப்பதற்குள், "என் ஊசியெல்லாம் தகர டப்பாவுல மூடி ஆஸ்பத்திரிக்கே குடுத்துடறேம்மா," என்றார்.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேங்கற கதையா இருக்கே! நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே?" அதோடு அவர் வாளியை எடுப்பதையும் நிறுத்தினாள்.

ஆனாலும் மனசு ஓயவில்லை. மாடிவீட்டு டீச்சர் ஏன் இப்போதெல்லாம் வாளியைக் கையில் தராமல் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்? பேக்கரிக்காரர் எதற்காக வாளியைச் செய்தித்தாளால் மூடுகிறார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அப்படித்தான் ஆகிவிட்டாள்.

ஆறுதல் புருஷன் மட்டும்தான். பஸ் டிரைவர். வீட்டுக்குள் நுழைந்ததும் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், "யாருன்னு தெரிஞ்சுதா?" என்றுதான் கேட்பான். தங்கை வாந்தி எடுத்தால் முதுகைத் தடவிவிடுவான். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகத் துடைப்பத்தைத் தொடாதவன், இரண்டு மாசமாக வீட்டு வாளியைத் தானே எடுத்துப்போய், டிப்போவுக்குப் போகிற வழியில் உரக்குழியில் கவிழ்த்துவிட்டுப் போகிறான். இப்போதாவது புத்தி வந்ததே என்று வண்டிக்காரி பூரித்துப்போயிருந்தாள்.

ஐந்தாம் நாள் ஒரு முடிவோடு கிளம்பினாள். கம்பவுண்டர் வாளி உட்பட ஒவ்வொரு வீட்டுக் குப்பையும் தனிச் சாக்கில், கரியால் எண் போட்டுக் கொட்டகைக்கு வந்தது. ஒவ்வொன்றாகத் தார்ப்பாயில் கொட்டி இடுக்கியால் கிளறினாள். கம்பவுண்டர் சாக்கில் வெண்டைக்காய்க் காம்பும் டீத்தூளும்தான். டீச்சர் வாளியில் கருகிப்போன சோறு. பேக்கரிக்காரர் செய்தித்தாளுக்கடியில் விற்காத ரொட்டி. அவரவர் மானத்தை அவரவர் மூடி வைத்திருந்தார்கள். ஊசி மட்டும் எதிலும் இல்லை.

சுவரில் சாய்ந்திருந்த நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். "சாக்கு இருபத்து மூணுதானே இருக்கு? வீடு இருபத்து நாலாச்சே, அண்ணி."

வண்டிக்காரி குழியைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஒரு சாக்கும் குழிக்குப் போகவில்லை. ஆனால் மேலே புதிதாகச் சுரைக்காய்த் தோல் கிடந்தது. காலையில் அவளே சீவியது. இடுக்கியால் விலக்கினாள். அடியில் ஒரு சின்னப் பொட்டலம். மூடி போட்ட ஊசி, நாலு சுற்றுத் துணிக்குள். துணி, பழைய காக்கிச் சட்டையின் கிழிசல்.

அடப்பாவி! தங்கைக்குக் குத்திய பிறகு மூடி போடத் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கத்தான் தெரியவில்லை. நாத்தனார் பார்ப்பதற்குள் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் அவன் வந்தான். "யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." பொட்டலத்தை அவன் முன்னால் வைத்தாள்.

பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது. "சர்க்கரைடி... ஊசி போடறவன்னு தெரிஞ்சா பஸ்ஸை விட்டு இறக்கிடுவாங்க. நம்ம வாளியை யாரும் சோதிக்கமாட்டாங்கன்னு..."

"உங்க தங்கச்சி கைதானே அந்தக் குழியில இருக்குது?"

"எனக்கு வேற நோய் கிடையாதே. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். அவளுக்கு?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்த நாத்தனார் ராத்திரி மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டாள். உள்ளங்கையில் மாத்திரை. "ஏன் அண்ணி ஒரு மாதிரி இருக்கே? யாருன்னு தெரிஞ்சுதா?"

வண்டிக்காரி தண்ணீர் எடுக்கப் போகவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"தினமும் நீங்கதானே கேட்டீங்க. இப்ப அவ கேக்கறா, சொல்லுங்க."