கெட்டிக் குழம்பும் சொதப்பல் கேக்கும்

கோர்சோர் துறைமுகத்தை ஒட்டிய அந்த நொதி ஆலையில் கேக் வருவதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று, யாராவது சாதித்திருக்க வேண்டும். இல்லை, சொதப்பியிருக்க வேண்டும். சொதப்பியவர் எல்லோருக்கும் கேக் வாங்கித் தருவது அங்கே எழுதாத சட்டம். பொறியாளர் ப்ரெபென் லவுரித்சென் அன்று காலை பெட்டியைத் திறக்கும்போதே, இது வெற்றிக் கேக் என்று தம்பட்டம் அடித்துவிட்டார். பிறகு பட்ட பாட்டில் பாதி அந்த வாயால் வந்தது.

துணிக் கறையைப் போக்கும் நொதியைச் சுரக்கும்படி மரபணு திருத்திய பாக்டீரியாவை வளர்ப்பதுதான் அங்கே வேலை. இருப்பது ஒரே ஒரு பெரிய தொட்டி. சக பொறியாளர் டோர்தெ க்ராக் சோறு வடிப்பதுபோல் வேலை செய்பவள்: நிரப்பு, வளர்த்து எடு, கழுவு, மறுபடி நிரப்பு. ப்ரெபெனுக்கோ தொட்டி நிற்கவே கூடாது. ஒரு பக்கம் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போக, மறுபக்கம் நொதி வந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தப் பேச்சை எடுத்தாலே அவர் வீட்டு நாய்கூட எழுந்து போய்விடும். தொட்டி இனி யாருக்கு என்று மேலாளர் அஸ்கர் அன்று மதியம் சொல்வதாக இருந்தார்.

ப்ரெபெனின் நிறுத்தாத முறைக்கான சோதனை ஓட்டம் அதுவரை பிரமாதமாகப் போயிருந்தது. தொட்டியில் பாக்டீரியா நாளுக்கு நாள் கெட்டிப்பட்டது. ப்ரெபென் பம்பை இன்னும் வேகமாகத் திருகினார். அப்போதும் கெட்டி. மறுபடி திருகினார். இடையில் நொதியை அளப்பதையே விட்டுவிட்டார். குழம்பு இவ்வளவு கெட்டியாக இருந்தால் ருசி வேறு பார்க்க வேண்டுமா என்ன?

அன்று காலை டோர்தெ கேக்கை மென்றுகொண்டே, நொதி எவ்வளவு வருகிறது என்று கேட்டாள். அவள் வாயை அடைக்கவென்றே ப்ரெபென் போய் அளந்தார். ஏறக்குறைய ஒன்றுமில்லை. கருவியைத் திட்டிவிட்டு மறுபடி அளந்தார். அதேதான்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நொதி சுரக்கும் பாக்டீரியா தின்றதில் பாதியை அதற்கே செலவழிக்கும், மெதுவாகத்தான் பெருகும். அந்த மரபணுவைத் தொலைத்த சோம்பேறி ஒன்று எங்கோ பிறந்து, தின்று தின்று வேகமாகப் பெருகியிருக்கிறது. பம்பை முடுக்கிய ஒவ்வொரு முறையும், உழைத்தவற்றைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு உண்டு கொழுத்தவற்றைப் பொறுக்கி வைத்தவர் சாட்சாத் ப்ரெபென். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

மதியம் அஸ்கர், பாக்டீரியாவின் அளவைக் காட்டித் திரையில் ஏறுமுகமாக இருந்த கோட்டைப் பார்த்து மயங்கிப்போனார். தொட்டி ப்ரெபெனுக்கே என்று சொல்ல வாயெடுத்தார். ப்ரெபென் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும். இருக்கத்தான் நினைத்தார், முடியவில்லை.

"அஸ்கர், அதுல நொதி இல்ல. வெறும் பாக்டீரியாதான். நல்லா சாப்பிட்டு சௌக்கியமா இருக்கு."

அஸ்கர் தன் தட்டைப் பார்த்தார். "அப்ப இது?"

"சொதப்பல் கேக்."

அறையே சிரித்தது. ப்ரெபெனும் சிரித்தார். தொட்டி டோர்தெவுக்குப் போயிற்று.

பம்பை நிறுத்தப் போனவருக்குப் பின்னாலேயே டோர்தெ வந்தாள். "காலி பண்ணிட்டு, உறைய வச்சிருக்கிற பழைய பாக்டீரியா விதைய எடு. மறுபடி நிறுத்தாமலே ஓட்டுவோம்."

"உனக்குத்தான் இதுல நம்பிக்கையே கிடையாதே."

"இப்பவும் இல்ல. ஆனா இவ்வளவு நாளா வெளிக் கிருமி ஒண்ணுகூட உள்ள வரல பாரு. நான் ஓட்டுறப்ப தொட்டி வாரத்துக்கு ஒருதரம் கெட்டுப் போகுது. அந்த வித்தை உனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"அந்தப் பம்புத் திருகிலேர்ந்து கைய எடு."

ப்ரெபென் குனிந்து பார்த்தார். நிறுத்த வந்த கை, பேச்சுவாக்கில் பம்பை இன்னும் கொஞ்சம் வேகமாக்கியிருந்தது.