ஐந்தாவது பிரதி

டீச்சரால் வீட்டை விட்டு வர முடியாது என்பதால் கூட்டம் எப்போதும் டீச்சர் வீட்டில்தான். உள்ளறையில் அவருடைய கணவர் படுத்திருந்தார். கதவு பாதி திறந்தே இருக்கும். அவர் இருமினாலும் கேட்க வேண்டும், வெகுநேரம் இருமாமல் இருந்தாலும் கேட்க வேண்டும்.

முன்னறையில் மூன்று பெண்கள் ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். வைத்தவள் அந்த மூவரில் ஒருத்தியான கேஷியர். குழு எடுக்கும் வீடியோக்களை வெட்டி ஒட்டுவது கத்தரியின் வேலை. அடுத்தவர் பேச்சையும் பாதியில் வெட்டிவிடுவாள். இன்றைக்கு மட்டும் யாரையும் வெட்டக் கூடாது என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

படுக்கையில் விழுந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் இவர்களைச் சேர்த்து வைத்த விஷயம். ஆளைத் தூக்காமலே விரிப்பை மாற்றுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கரண்டியால் ஊட்டுவது எல்லாம் அடிபட்டுக் கற்றவை. மற்றவர்களாவது அடிபடாமல் கற்கட்டும் என்று வீடியோவாக எடுத்து இணையத்தில் ஒரு சேனலில் போட்டார்கள். போன வாரம் ஒரு காலையில் சேனலைக் காணவில்லை. அந்தரங்க உடல் காட்சிகள் இருப்பதாக நிறுவனம் ஒரு வரி அனுப்பியிருந்தது. முறையிட்டார்கள். அதே வரி திரும்ப வந்தது, ஒரு எழுத்துகூட மாறாமல்.

"முதுகு அந்தரங்கமாம்," என்றார் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அப்போ ஊசியை எங்க போடறது, சுவத்துலயா?"

"அதான் சொல்றேன் நர்ஸம்மா. அது அவங்க வீடு. நாம வாடகைக்கு இருந்தோம். காரணம் சொல்லாம காலி பண்ணச் சொன்னா பண்ணித்தான் ஆகணும். நான் காட்டப்போற இடத்துல வீட்டுக்காரரே கிடையாது," என்றாள் கத்தரி.

"வீட்டுக்காரர் இல்லாத வீட்டுல கூரை ஒழுகினா யாரைக் கேக்கறது?" என்றாள் கேஷியர்.

கத்தரிக்கு வாய் துடித்தது. அடக்கிக்கொண்டாள். இவர்கள் மூவரும் இன்று சரி என்று சொல்லாவிட்டால் குழு கலைந்துவிடும். யாரும் வெளியே சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. மற்றவர்களுக்குக் குழு போனால் ஒரு மதியப் பொழுது மிச்சம். அவளுக்கு அப்படி இல்லை. மாமியாரை ஏழு வருடம் பார்த்துக்கொண்டாள். முதல் வீடியோவில் புரண்டது மாமியாரின் முதுகு, புரட்டியது அவளுடைய கைகள். அந்தக் கைகளைப் புருஷன்கூட ஒரு நாள் உற்றுப் பார்த்ததில்லை. முகம் தெரியாத யாரோ அந்த வீடியோவுக்குக் கீழே, உங்கள் கைகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்தார்கள். மாமியார் போனபோது வராத அழுகை சேனல் போனபோது வந்தது. அதை நினைத்தால் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"நர்ஸம்மா, உங்க ஃபோன் தண்ணித் தொட்டியில விழுந்துச்சே, பேரன் ஃபோட்டோ எல்லாம் போச்சா?"

"எங்க போச்சு? மருமக கிட்ட இருந்தது, தங்கச்சி கிட்ட இருந்தது, சம்பந்தி கிட்ட இருந்தது. எல்லாம் திரும்ப வந்துடுச்சு."

"அவ்வளவுதான் இது. நம்ம வீடியோ ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்காது. வேணும்னு நினைக்கிறவங்க ஆளுக்கொரு பிரதி அவங்கவங்க கம்ப்யூட்டர்ல வெச்சிருப்பாங்க. கேக்கறவங்களுக்கு அங்கிருந்து போகும். ஒருத்தர் அணைச்சுட்டா இன்னொருத்தர் கிட்ட இருந்து வரும். நடுவுல உக்காந்து வேணாம்னு சொல்ல ஆள் இல்லை."

"வெச்சிருக்கறவன் நடுவுல ஏதாவது மாத்திட்டா? நான் வலது பக்கம் புரட்டச் சொன்னதை அவன் இடதுன்னு ஆக்கிட்டா?" என்றார் நர்ஸம்மா.

"ஒவ்வொண்ணுக்கும் கைரேகை மாதிரி ஒரு அடையாளம் உண்டு. ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிடும், பார்க்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். நாமதான் போட்டோம்னு காட்ட ஒரு சாவியும் இருக்கு. அது தொலைஞ்சா மட்டும் யாராலயும் புதுசு தர முடியாது. ரேகையும் சாவியும் இருக்கறதால யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் இதோட அழகு."

கடைசி வாக்கியத்தை அவள் பேருந்தில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். நன்றாக விழுந்தது.

"சம்பந்தின்னதும் ஞாபகம் வருது," என்றாள் கேஷியர். "பேரன் தொட்டியில குளிக்கிற ஃபோட்டோவை அழிச்சிடுங்கன்னு உங்க மருமக கெஞ்சினாளே நர்ஸம்மா, சம்பந்தி அழிச்சாங்களா?"

"எங்க அழிச்சாங்க. கல்யாணத்தன்னைக்குப் பெருசாப் போட்டுக் காட்டுவேன்னு சொல்லிட்டு இருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார்.

கத்தரி சட்டென்று ஃபோனை எடுத்தாள். "இருங்க, கண்ணாலயே பாருங்க. மாதிரிக்கு ஒண்ணு காலையிலயே போட்டுட்டேன். சாரைப் புரட்டற வீடியோ."

"எங்க கிட்ட கேக்காமலா?" என்றார் டீச்சர்.

"ஏற்கெனவே சேனல்ல இருந்ததுதானே டீச்சர். சார் அப்பவே சரின்னு சொன்னாரே."

சொன்னார் என்றால் கையால். வாதம் வந்தபின் அவருக்குப் பேச்சு இல்லை. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும். ஒரு அழுத்து என்றால் சரி. இரண்டு என்றால் வேண்டாம். ஒவ்வொரு முறை கேமராவை எடுக்கும் முன்பும் டீச்சர் அவர் கையைப் பிடித்துக் கேட்பார். இந்தக் குழுவில் அது சட்டம். ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவர். வாசல் கண்ணாடிப் பெட்டியில் ஒருவர் படத்தை வைக்க வேண்டுமானால் அவரைக் கடைக்கு வரவழைத்து, படத்தைக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் வைப்பார். இங்கேயும் முகத்தை மூடிப் போடுவதற்குத்தான் அவர் ஒருமுறை அழுத்தியிருந்தார்.

கத்தரி திரையைத் தன் பக்கம் வைத்துத் திறந்தாள். பக்கம் வந்தது. கீழே சின்ன எழுத்தில் 'ஐந்து பிரதிகள்' என்று காட்டியது. வீடியோ ஓடத் தொடங்கியது. அவள் ஃபோனைத் திருப்பப் போனாள். கை அப்படியே நின்றுவிட்டது.

முகம். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாய், அதன் ஓரத்தில் வழியும் எச்சில், கேமராவையே பார்க்கும் கண்கள். முகம் மூடியதும் மூடாததுமாக எல்லா வீடியோவுக்கும் அவளிடம் இரண்டு கோப்புகள் இருந்தன. பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மூடாததைப் போட்டிருக்கிறாள்.

"என்ன, வரலையா?" என்றாள் கேஷியர்.

"சுத்துது. சிக்னல் இல்லை."

ஃபோனை மடியில் கவிழ்த்தாள். மேசைக்கு அடியில் விரல்கள் தானாக வேலை செய்தன. தன் சாவியைப் போட்டு, நீக்கக் கோரும் இடத்தை அழுத்தினாள். அது கட்டளை இல்லை, வேண்டுகோள்தான். பிரதி வைத்திருப்பவர்களுக்குப் போய்ச் சேரும், அவர்கள் விருப்பம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், இன்று பேச எழுதி வைத்ததில் அந்த ஒரு பத்தியை மட்டும் இவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று காலையில் வெட்டியெறிந்தவளே அவள்தான்.

ஐந்து மூன்றானது. மூன்று ஒன்றானது. ஒன்று அப்படியே நின்றது.

"கத்தரி." டீச்சர் மெதுவாகக் கூப்பிட்டார். வகுப்பில் கடைசி வரிசையைக் கூப்பிடும் மெதுவான குரல். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு அவருக்குப் பிடிக்கலைன்னா, எடுத்துட முடியுமா?"

முடியும் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. நாலில் மூன்று பங்கு உண்மைதானே, இல்லை, ஐந்தில் நாலு பங்கு உண்மை என்று மனது கணக்குப் போட்டது. முடியும் என்றால் டீச்சர் தலையசைப்பார். டீச்சர் தலையசைத்தால் மற்ற இருவரும் தலையசைப்பார்கள். அந்த ஒன்றும் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இவ்வளவு வேகமாக, இவ்வளவு சுத்தமாகத் தன்னால் யோசிக்க முடிகிறதே என்றுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"முடியாது டீச்சர்," என்றாள். "கேக்கலாம். எடுக்கறது அவங்க இஷ்டம்."

ஃபோனைத் திருப்பி மேசை மேல் வைத்தாள்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கேஷியர்தான் முதலில் பேசினாள். "யாரையும் நம்ப வேண்டாம்னியே. எங்களுக்கு இருந்த ஒரே ஆள் நீ. உன்னைத்தான் நம்பினோம்."

"நாலு பேர் எடுத்துட்டாங்க. ஒருத்தர் மட்டும்..."

"அந்த ஒருத்தர் யாரு?"

தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம். கால் மணி நேரத்துக்கு முன்னால் கத்தரி அந்த ஆளை நம் பக்கம் நிற்கிற ஆள் என்று நினைத்திருந்தாள்.

டீச்சர் எழுந்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் கத்தரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவரைப் புரட்டற நேரம் ஆச்சு. எல்லாரும் உள்ள வாங்க. அவர் கிட்ட சொல்லணும்."

"இதையெல்லாம் அவர் கிட்ட எதுக்கு," என்றார் நர்ஸம்மா. "வீணா மனசு கஷ்டப்படும்."

"அவர் முகம், நர்ஸம்மா."

உள்ளறையில் கண்ணாடி கிடையாது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே டீச்சர் கழற்றிவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல், பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் துண்டு துண்டாகச் சொன்னார். உங்க முகத்தோட வெளியே போயிடுச்சு. நாலு பேர் எடுத்துட்டாங்க. ஒருத்தர் கிட்ட இருக்கு.

அவர் கண்கள் டீச்சரிடமிருந்து நகர்ந்து கத்தரியின் கையிலிருந்த ஃபோனில் நின்றன.

"பார்க்கணுமா?"

ஒரு அழுத்து.

கத்தரி ஃபோனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அவர் கடைசிவரை பார்த்தார். பெரிதாகப் போட்ட படத்தில் ஒளி எங்கே விழுந்திருக்கிறது, எங்கே தவறியிருக்கிறது என்று பார்க்கிற தொழில்காரரின் பார்வை. அதற்குப் பிறகு கண்ணின் ஓரம் நனைந்தது. அது அழுகையா, எப்போதும் வடிகிற நீரா என்று கத்தரியால் சொல்ல முடியவில்லை.

"இருக்கட்டுமா?" என்றார் டீச்சர்.

அவர் கை அசையவில்லை. நர்ஸம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். டீச்சரின் கண் மட்டும் அந்தக் கையை விட்டு நகரவில்லை. பிறகு ஒரு அழுத்து. கேஷியர் மூச்சை விடப் போனாள். இரண்டாவது அழுத்து.

"முகத்தை மூடிட்டுப் போட்டா?"

இந்த முறை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு அழுத்து. அதற்குமேல் இல்லை.

கத்தரி சுவரோரம் நின்று அந்த எழுத்தும் எண்ணுமான ஆளுக்கு எழுதினாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வார்த்தைகள் முதலில் வந்தன. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். 'தவறு என்னுடையது. இதில் இருப்பவர் இப்போதுதான் இதைப் பார்த்தார். வேண்டாம் என்கிறார். அவருக்காகக் கேட்கிறேன், அழித்துவிடுங்கள்.'

"வா, தோளைப் பிடி," என்றார் டீச்சர்.

ஃபோனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள். தோளுக்கு அடியில் அவள் கை, இடுப்புக்கு அடியில் டீச்சரின் கை, முழங்காலில் நர்ஸம்மா. கேஷியர் தலையணையோடு காத்திருந்தாள். பாதி புரளும்போது ஜன்னலில் ஃபோன் அதிர்ந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாதியில் கையை விடக் கூடாது. அதைத்தான் அவர்கள் எல்லா வீடியோவிலும் முதலில் சொல்வார்கள். கத்தரியின் உள்ளங்கையில் அவருடைய தோள் எலும்பு அழுந்தியது. ஃபோன் இன்னொரு முறை அதிர்ந்து அடங்கியது. முதுகு நிமிர்ந்து, கேஷியர் தலையணையைச் செருகி, டீச்சர் சட்டைச் சுருக்கத்தை நீவிவிட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.

ஃபோனை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். "'அழித்துவிட்டேன். என் அப்பாவை இன்று காலை இதைப் பார்த்துத்தான் புரட்டினேன். அவரிடம் சொல்லுங்கள்.'"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எண்ணிக்கை இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

"நிஜமாவே அழிச்சிட்டாரா, வேற எங்கேயாவது எடுத்து வெச்சிருக்காரான்னு எப்படித் தெரியும்?" என்றார் டீச்சர்.

"தெரியாது டீச்சர். அவர் சொல்றதை நம்பணும். வேற வழி இல்லை."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு எல்லாமே புரிஞ்சிருக்கும்."

கேஷியர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. "நான் இன்னும் சரின்னு சொல்லலை," என்றாள். "முதல்ல இருந்து சொல்லு. எதையும் வெட்டாம."

"முன்னறைக்குப் போயிடலாமா?"

"வேணாம்," என்றார் டீச்சர், கணவரின் கையை விடாமல். "இங்கேயே சொல்லு. அவரும் கேக்கட்டும்."

கத்தரி நாற்காலியை அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போட்டா திரும்ப வாங்க முடியாது," என்று தொடங்கினாள்.