காற்று வாயில் கட்டிய துணி

தையல் கூடத்தில் சட்டை தேய்க்கிறவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வந்ததும் நீராவிப் பெட்டியைச் சூடேற்றிவிட்டு ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். கூரையை ஒட்டி ஒரு தகரக் குழாய் ஓடுகிறது. வெளியே இருக்கும் இயந்திரம் அதன் வழியாகத்தான் கூடத்துக்குள் காற்றைத் தள்ளும். குழாயின் வாயில் கம்பி வலை, வலையின் மேல் இழுத்துக் கட்டிய ஒரு துணி. முடிச்சு தளராமல் இருந்தால் பெட்டிக்காரருக்கு அன்றைய பொழுது நல்லபடியாகத் தொடங்கும். அது அவர் போட்ட முடிச்சு.

அங்கே தைப்பதெல்லாம் வெள்ளைச் சட்டை. முன்பு அந்தக் குழாய் வாயிலிருந்து கறுப்புத் துகள் உதிர்ந்து வெள்ளையின் மேல் வந்து உட்காரும். கடைசியில் எல்லாச் சட்டையும் செக்கிங் அக்காவின் மேசைக்குப் போயாக வேண்டும். அந்த அம்மாளின் கண்ணாடிக்குத் தப்பிய புள்ளி கிடையாது. கண்டதும் நீலச் சாக்குக் கட்டியால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பி வீசுவார். வட்டம் விழுந்ததை மறுபடி துவைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். தாங்க முடியாமல் பெட்டிக்காரர் ஒரு நாள் ஏணி போட்டு ஏறி, வெட்டித் தள்ளிய துணியில் ஒரு துண்டை எடுத்துக் குழாய் வாயைக் கட்டினார். துகள் நின்றது. முதலாளியம்மா தன் கையாலேயே அவருக்கு டீ கொடுத்தார். அந்த டீயைப் பற்றி வீட்டில் அவர் சொன்னது கொஞ்சநஞ்சமில்லை.

அந்த வாய்க்கு நேர் கீழேதான் அவர் மனைவியின் மெஷின் இருந்தது.

மழைக்காலம் பிறந்ததும் அவளுக்கு இருமல் பிடித்தது. தைத்துக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிறுத்தி, மெஷின் மேல் கவிழ்ந்து மூச்சை இழுத்து இழுத்து வாங்குவாள். ஈரத் தலையோடு கிளம்புவதுதான் காரணம் என்று பெட்டிக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கூடத்தில் ஏதோ மக்கின வாடை அடிக்கிறது என்று அவள் சொன்னபோது, உன் மூக்குக்கு எப்பவும் ஏதாவது ஒரு குறை என்றார். முதலாளியம்மா வாசனைத் திரவம் வாங்கித் தெளிக்கச் சொன்னார். அதன் பிறகு பூ வைத்த குப்பைத் தொட்டி மாதிரி மணத்தது கூடம்.

மருத்துவரிடம் போனார்கள். லீவு நாளில் இருமல் எப்படி என்று அவர் கேட்டார்.

"லீவு நாள்ல வீட்டு வேலையே சரியா இருக்குங்க, இரும எங்க நேரம்?" என்று சிரித்தவள், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நெசமாவே வீட்ல இருந்தா வர்றதில்லீங்க."

மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்தார். வேலை செய்கிற இடத்தில் ஈரமோ பூஞ்சையோ இருக்கிறதா, காற்று வருகிற வழி சுத்தமா என்று பார்க்கவும் சொன்னார். தினம் பெருக்கித் துடைக்கிற இடத்தைப் போய் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று வழியெல்லாம் பெட்டிக்காரர் பொருமிக்கொண்டு வந்தார்.

இருமல் நிற்கவில்லை. முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டு, மழை விடும்வரை வீட்டில் இரு, பிறகு பார்க்கலாம் என்று பதமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "பிறகு பார்க்கலாம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? அந்த மெஷின்ல வேற ஆளு உக்காந்தாச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

சொன்னபடியே வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். கழுத்தோடு முடியை வெட்டிய, வாட்டசாட்டமான பெண். கொஞ்ச நாள் போனது. தேய்த்துக்கொண்டிருந்த பெட்டிக்காரர் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. அதே இழுப்பு, தொண்டைதான் வேறு. இவளுக்கு ஈரத் தலையும் இல்லை, தலையில் ஈரம் தங்குகிற அளவுக்கு முடியும் இல்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தன் பெட்டியிலிருந்து கிளம்பிய ஆவி வெள்ளையாக மேலே ஏறிப் போய், நேராக அந்தத் துணியில் படிவதை அன்றுதான் கண்டார்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி முடிச்சை அவிழ்த்தார். கீழிருந்து பார்க்க வெளுப்பாகத் தெரிந்த துணியின் உட்புறம் கறுத்துப் பச்சை பூத்து, நனைந்த எலித்தோல் மாதிரி ரோமம் விட்டிருந்தது. குழாய்க்குள் பஞ்சும் தூசும் ஈரத்தில் ஊறி, பழைய தலையணையைப் பிய்த்துத் திணித்த மாதிரி கிடந்தது. அத்தனையையும் தாண்டி வந்த காற்றைத்தான் தன் மனைவி குடித்திருக்கிறாள். பெட்டிக்காரர் கீழே இறங்கினார். துணியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, நேராகச் செக்கிங் மேசைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

"இதையும் பாருங்க அக்கா."

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். பையைப் பார்த்து முகம் சுளித்தார். ஆர்டர் போகிற நேரம், வேறு துணியாகக் கொஞ்சம் கனமாகப் பார்த்துக் கட்டிவிடு, சுவரில் கறை இருந்தால் வெள்ளை அடித்துவிடலாம் என்றார்.

பெட்டிக்காரர் குரலை உயர்த்தவில்லை. "இதக் கட்டினது நான்தாம்மா. இனிமே கட்ட மாட்டேன். குழாயச் சுத்தம் பண்ற வரைக்கும் பெட்டியும் போட மாட்டேன். ஆவிய ஏத்தி இத வளர்த்ததும் நான்தான்."

கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. செக்கிங் அக்கா நீலச் சாக்குக் கட்டியை எடுத்தார், பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடுகளவு புள்ளி இருந்தாலும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்றீங்க. இதுல எங்கம்மா வட்டம் போடறது? முழுசுமே புள்ளியா இருக்கே."

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து போய்த் துணி அடுக்கு அலமாரியை நகர்த்தச் சொல்லி, பின்னால் கறுத்திருந்த சுவரில் வட்டம் போட்டார். ஒரு வட்டம், பக்கத்தில் இன்னொன்று, ஜன்னலுக்குக் கீழே பெரிதாக ஒன்று. சாக்குக் கட்டி தேய்ந்து நகம் சுவரில் உரசிய பிறகுதான் கையை எடுத்தார். முதலாளியம்மா அண்ணாந்து குழாயைப் பார்த்தார். அந்தக் குழாயின் இன்னொரு கிளை நேராகத் தன் அறைக்குள்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியும். தினம் காலையில் அடுக்கடுக்காகத் தும்முவதும், அதைப் புதுத் துணியின் பஞ்சு என்று நினைத்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"எல்லாரும் வெளிய போங்க. முதல்ல மெஷினை நிறுத்துங்க, காத்து மெஷினை," என்றார்.

அதற்கென்று இருக்கிற ஆட்கள் வந்து குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இயந்திரத்தின் வடிகட்டியை மாற்றினார்கள். சுவருக்குள் கசிந்த தண்ணீர்க் குழாயை அடைத்து, பூஞ்சையைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் வெள்ளை அடித்தார்கள். நீராவி வெளியேறத் தனியாக ஒரு விசிறி வைத்தார்கள். முடி வெட்டிய பெண்ணுக்கு ஜன்னலோர மெஷின் கிடைத்தது. பெட்டிக்காரர் மனைவிக்கு அவளுடைய பழைய இடமே திரும்பக் கிடைத்தது.

வந்ததும் அவள் அண்ணாந்து பார்த்தாள். வெறும் கம்பி வலை, பளிச்சென்று இருந்தது. மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தாள். இருமல் வரவில்லை.

"சோத்துல ஒரு முடி கிடந்தா தட்டத் தள்ளி வைக்கிறோம்," என்றார் பெட்டிக்காரர் அவளிடம். "பொழுதன்னிக்கும் மூக்குல போறது எப்படி இருக்குன்னு எவனும் பார்க்கிறதில்ல. காத்து அழுக்கா வந்தா அது வர்ற வழியச் சுத்தம் பண்ணணும். துணி கட்டி மறைச்சா, மறைச்ச இடத்துலதான் நோவு வளரும். சட்டையக் காப்பாத்தினேன்னு நெனச்சேன், உன் நெஞ்ச விட்டுட்டேன்."

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "புரிஞ்சா சரி. இனிமே அந்த டீ கதைய மட்டும் வீட்ல சொல்லாதீங்க."