ஐந்தருவிக்கு எவர்சில்வர் குமிழ்

ஐந்தருவிக்குப் போகும் நடைபாதையில், பார்வையில்லாதவர்கள் காலால் தடவி வழி கண்டுகொள்ள எவர்சில்வர் குமிழ் பதிக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சாரல் பருவம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். எந்தக் குமிழ் என்று முடிவெடுக்கத் தென்காசி அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். வந்திருந்த எல்லோருக்கும் கண் நன்றாகவே தெரிந்தது.

உதவிப் பொறியாளர் உமாதேவி மட்டும், கீழ்த்தளத்தில் தொலைபேசி பார்க்கும் ஆனந்தவள்ளியைக் கையோடு கூட்டி வந்தாள். ஆனந்தவள்ளிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வாய்க்கு ஒரு குறையும் கிடையாது. செயற்பொறியாளர் நெல்லையப்பன், அழைக்காத விருந்தாளியைக் கண்ட கல்யாண வீட்டுக்காரர் போலச் சிரித்து நாற்காலி போடச் சொன்னார்.

மேசையில் இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒன்று முகம் பார்க்கலாம் போல் மின்னியது. பின்னால் பசை தடவி ஒட்டிவிடலாம். மற்றது மங்கல், மேலே சொரசொரப்பாக வரி, கீழே தண்டு. கல்லைத் துளைத்து இறக்க வேண்டும்.

"இது 316 கிரேடு சார். ஈரமும் சோப்புமா கெடந்தாலும் சீக்கிரம் துருப்பிடிக்காது. ஆளுக எண்ணெய் தேச்சுக்கிட்டு நடக்க எடம், வரி இருந்தாத்தான் வழுக்காது" என்ற உமாதேவி, இரண்டையும் தரையில் வைத்து நல்லெண்ணெய் ஊற்றினாள். ஆனந்தவள்ளி செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் தோளைப் பிடித்தபடி காலால் தேய்த்துப் பார்த்தாள்.

"மொதலுது சறுக்குது. ரெண்டாவது பிடிச்சு நிக்கு."

"பளபளப்பு பத்தலையேம்மா" என்று நெல்லையப்பன் வருத்தப்பட்டார். "தெறப்பு விழாவுக்குப் பெரியவங்க வாராங்கல்லா."

"காலுக்குத் தெரியணுமா, பெரியவங்களுக்குத் தெரியணுமா சார்?"

"ரெண்டுக்குந்தான்."

பளபளப்புக்கு ஆதரவானவர்கள் கை தூக்கினார்கள். ஆனந்தவள்ளியும் தூக்கினாள். அது மறுப்பு என்று அவள் விளக்குவதற்குள் டீ வந்துவிட்டது, முடிவு ஏகமனதாயிற்று. உமாதேவிக்கு வடை இறங்கவில்லை.

தூறலிலேயே குமிழ் ஒட்டினார்கள். விழா அன்று காலையில் ஒரு குரங்கு முதல் குமிழைப் பெயர்த்துக் கடித்துப் பார்த்தது. ருசி இல்லை. அடுத்தது இனிக்கும் என்ற நம்பிக்கையில் அதையும் பெயர்த்தது. மற்றக் குரங்குகளும் உதவிக்கு வந்தன. அலுவலகத்தில் எந்த வேலைக்கும் இப்படிக் கூடி ஆள் வந்ததை உமாதேவி பார்த்ததில்லை.

மிச்சமிருந்த குமிழ்கள் மேல் சென்னையிலிருந்து வந்த பெரியவர் நடந்தார். எண்ணெய்க் குளியல்காரர்கள் அவருக்கு முன்பே நடந்திருந்தார்கள். அவர் சறுக்கினார்; தாங்கப் பாய்ந்த நெல்லையப்பன் அவருக்கும் கீழே கிடந்தார்.

அடுத்த கூட்டத்தில் நெல்லையப்பன் கட்டுப்போட்ட கையால் மங்கல் குமிழைத் தூக்கிக் காட்டினார். "நான் அப்பவே சொன்னேம்லா, இதுதான் சரின்னு."

எல்லோரும் அவருடைய தொலைநோக்கை வியந்தார்கள். உமாதேவியும் தலையாட்டினாள். பேர் அவருக்குப் போகட்டும், தண்டு கல்லுக்குள் போனால் போதும் என்று இருந்தது அவளுக்கு. துளை போட்ட நாளெல்லாம் குடையோடு பக்கத்திலேயே நின்றாள். குரங்குகள் வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, முகம் சுளித்துப் போயின.

வேலை முடிந்ததும் ஆனந்தவள்ளியைக் கூட்டி வந்தாள். கோலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, யார் கையையும் பிடிக்காமல் ஆனந்தவள்ளி நடந்தாள். சிப்ஸ் கடைச் சத்தத்துக்கு நடுவே அவள் முதுகு நிமிர்ந்து போவதைப் பார்த்தபடி உமாதேவி பின்னால் நடந்தாள்.

சட்டென்று ஆனந்தவள்ளி ஒரு தகரத்தில் மோதி நின்றாள். தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி உமா, இது என்ன, ஜீப்பா?"

ஜீப்தான். குமிழ் வரிசை மேலேயே நிறுத்தியிருந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நெல்லையப்பன் பதறி இறங்கினார்.

"டிரைவர் சாவியோட குளிக்கப் போயிருக்கான்மா. கையைக் குடுங்க, நான் சுத்திக் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம் சார். அவரு குளிச்சிட்டு வரட்டும், நான் நிக்கேன்."

பெண்கள் இருவரும் நின்றார்கள். உட்காரத் தைரியம் இல்லாமல் நெல்லையப்பனும் சாரலில் நனைந்தபடி நின்றார். அன்றைக்கு அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. டிரைவருக்குக் கரையேறி வர மனமே வரவில்லை.