கிழக்கு மூலை

சிவராஜின் உடலைக் குளிப்பாட்டுவதற்காக வாசலில் பெஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. நேற்றிலிருந்து அது தங்கை கவிப்பிரியாவின் கையில்தான் இருந்தது. அணைத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சிவராஜ் சாருங்களா?" கட்டட அனுமதி கொடுக்கும் ஆபீஸிலிருந்து ஒரு அம்மா. "அனுப்பர்பாளையம் ஹாஸ்டல் சைட்டை இன்னைக்கு மத்தியானம் பாக்க வர்றோம். நீங்க இருப்பீங்கல்ல?"

"அவரு தங்கச்சி பேசறனுங்க. பிளான் வரைஞ்சது நான்தான். வாங்க மேடம், இருக்கறேன்."

விஷயத்தைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா பரிதாபப்பட்டு வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்திருப்பார். தள்ளிப்போனால் மறுபடி எப்போது வருவார்களோ, அதற்குள் முதலாளியின் மனசு என்ன ஆகுமோ.

முதலாளி வேல்குமார் பந்தலுக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தார். பனியன் கம்பெனிக்காரர். வெளியூரிலிருந்து தைக்க வரும் பெண்களுக்கு நாலு மாடியில் ஹாஸ்டல் கட்டித்தரும்படி, கட்டட வேலை எடுத்துச் செய்யும் சிவராஜிடம் சொல்லியிருந்தார். அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதும் ஆர்டர் படுத்துவிட்டது. வேண்டாம் என்று பின்வாங்கியவரைச் சிவராஜ் விடவில்லை. "மார்க்கெட் டல்லா இருக்கறப்பவே நாலு மாடிக்கும் அப்ரூவல் வாங்கி வெச்சுக்கலாமுங்க. இப்பத்திக்கிக் கீழ்த்தளம் மட்டும் கட்டுவோம். ஆர்டர் வந்துதுன்னா அலையாம மேல ஏறலாம்" என்று போய்ப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தான். அவன் கையிலும் அப்போது வேறு வேலை இல்லை. இதுவும் போனால் மேஸ்திரி கன்னையனும் ஆட்களும் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவார்கள்.

அந்தச் சிவராஜ்தான் நேற்றுச் சாப்பிட்டு எழுந்து, நெஞ்சை என்னமோ பண்ணுது என்றான். ஆஸ்பத்திரியில் வண்டியை விட்டு இறக்கும்போதே உயிர் இல்லை. தலையில் ஒரு நரைகூட விழாத வயசு.

வேல்குமார் எழுந்து கவிப்பிரியாவிடம் வந்தார்.

"இப்பக் கேக்கக் கூடாது அம்மிணி. ஆனா இனி யாரு கட்டறது? பாதி மெஷின் சும்மா கெடக்குது எனக்கு. அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிரலாமா?"

"வேண்டாமுங்க. நான் கட்டறேன்."

சாவு வீட்டில் நின்று வாதாட அவருக்குக் கூச்சமாக இருந்தது. சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

பாடையைக் கன்னையனும் ஒரு பக்கம் தூக்கினார். பெண்கள் தெருமுனை வரைக்கும் போனார்கள். அங்கே நின்று, சங்கு ஊதுகிற சத்தம் தேய்கிற வரைக்கும் அழுதார்கள். கவிப்பிரியாவும் அழுதாள். திரும்பி வந்து தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு, ஈரத்தலையோடு அண்ணி சாரதாமணியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் சைட்டு வரைக்கும் போயிட்டு வரோணும். ஆபீஸ்ல இருந்து வர்றாங்க."

"ஏங்கண்ணு, புத்தி கெட்டுப்போச்சா?" அத்தை பெரியாத்தாள் குறுக்கே வந்தாள். "பொணம் போயி இன்னும் காடு சேரல. ஊட்டை விட்டு இப்பப் போறதா? ஊரு என்ன பேசும்?"

சாரதாமணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வண்டிச் சாவி அவரு சட்டைப் பையில இருக்குது. ஆணியில தொங்குது பாரு" என்றாள்.

அனுப்பர்பாளையத்தில் எப்போதும்போலப் பாத்திரப் பட்டறைகளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். சைட்டின் நாலு மூலையிலும் சிவராஜ் அடித்து வைத்த முளைகள் நின்றன. அதிகாரி அம்மா ஒரு உதவியாளோடு வந்து இறங்கினார். டேப்பின் ஒரு முனையைக் கவிப்பிரியா பிடித்தாள். மற்ற பக்கமெல்லாம் சரியாக இருந்தது. கிழக்கு மூலையில் ரோடு குறுகியது.

"நாலு மாடிக்கு இந்த அகலம் பத்தாதும்மா" என்றார் அந்த அம்மா. "ரெண்டு மாடின்னு மாத்திக் குடுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்."

தலையாட்டினால் போதும். ஆனால் நாளைக்கு மேலே ஏறவேண்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்கு வேல்குமார் நிற்கமாட்டார். கவிப்பிரியா அந்த மூலையில் போய் நின்று நிலத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம், எங்க நெலத்துல ஓரமா ஒரு கீத்து ரோட்டுக்கு எழுதிக்குடுத்துட்டு, செவுத்தை உள்ள தள்ளிக்கறோம். அப்ப வருமுங்களா?"

"வரும். ஓனர் ஒத்துக்கணுமே."

அவள் வேல்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னாள். மறுமுனையில் சங்குச் சத்தம் கேட்டது. சுடுகாட்டில் நிற்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உன்ற அண்ணன் இருந்தா என்ன சொல்லீருப்பான்?" என்று கேட்டார்.

"வேண்டாம்னு சொல்லீருப்பாருங்க. வண்டி நிறுத்தற எடம் போயிரும்னு என்றகூடச் சண்டைக்கு வந்திருப்பாரு."

"நீ என்ன சொல்றே?"

"குடுத்தரலாம்னு சொல்றனுங்க. வண்டி நிறுத்தறதுக்குப் பின்பக்கம் எடம் பண்ணிக்கலாம். பிளானை நானே மாத்தறேன்."

"குடு அம்மிணி. நீயே கட்டு" என்றார்.

அதிகாரி குறித்துக்கொண்டு, மாற்றிய பிளானைச் சீக்கிரம் அனுப்பச் சொன்னார். ஜீப்பில் ஏறப்போனவர் நின்றார். "சிவராஜ் சார் வெளியூருங்களா? வேலைன்னா அவர்தானே முன்னால நிப்பாரு."

கவிப்பிரியா டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நேத்துத் தவறிட்டாருங்க. இப்பத்தான் எடுத்துட்டுப் போனாங்க."

அந்த அம்மா அவளுடைய ஈரத்தலையைப் பார்த்தார். அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

சுடுகாடு போய்க் குளித்துவிட்டுக் கன்னையன் நேராக அங்கே வந்தபோது, அவள் கிழக்கு மூலை முளையைப் பிடுங்க முடியாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து ஒரே இழுப்பில் பிடுங்கிக் கொடுத்தார். ரோட்டிலிருந்து அளந்து, உள்ளே தள்ளி அவள் முளையை நட்டாள். அவர் கல்லால் அடித்து இறக்கினார். நூல் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். நேராக நின்றது.

சிவராஜ் அடித்த முளை இருந்த இடத்தில் ஒரு குழி தெரிந்தது. கன்னையன் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடப் போனார்.

"அது கெடக்கட்டுங்க" என்றாள் கவிப்பிரியா.