அழகான ஆன்டெனா

அண்ணன் பெட்டியைத் திறந்ததுமே அவளுக்குப் பகீரென்றது. தெரெமினின் வலப்பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கவேண்டிய ஆன்டெனாக் கம்பியைக் காணோம். அந்த இடத்தில் சாண் நீளத்துக்கு, அன்னத்தின் கழுத்துபோல வளைந்த ஏதோ ஒன்று பளபளத்தது.

“நான் செஞ்ச புது மாடல். கம்பெனி முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. போட்டோவுல அள்ளுது,” என்றான்.

தெரெமின், தொடாமல் வாசிக்கிற மின்கருவி. கம்பியைக் கை நெருங்கினால் சுரம் ஏறும், விலகினால் இறங்கும். வீட்டிலிருந்த பழைய கருவியை அண்ணன்தான் அவளுக்கென்று செய்தான். அவளை நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, கம்பியை மாற்றி மாற்றிப் பார்த்துச் செய்தது. அதில் சுரத்துக்குச் சுரம் தாராளமாக இடம் இருந்தது. இந்தப் புதியதிலோ மேல்சுரங்களெல்லாம் ஆன்டெனாவை ஒட்டி விரற்கடை இடத்தில் முண்டியடித்தன. மூச்சை இழுத்தாலே பிசகியது.

“இதுல வாசிக்க முடியாதுண்ணே. மேல போகப்போக இடமே இல்ல.”

“பழகினா சரியாயிடும். அறிமுக விழாவுல நீதான் வாசிக்கணும்னு முதலாளிகிட்ட அடிச்சுப் பேசி வாங்கியிருக்கேன். கவுத்துடாத.”

அறிமுக விழாவுக்கு வாத்தியக் குழுவின் நடத்துனர் வந்திருந்தார். தனி வாசிப்புக்கு அவளை எடுப்பதாக முக்கால்வாசி சொல்லியிருந்தவர். பாட்டின் உச்சியில் கருவி, வால் மிதிபட்ட பூனையாக வீறிட்டது. யாரோ சிரித்தார்கள். நடத்துனர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார்.

அண்ணன் மைக்கை வாங்கினான். அப்பாடா, குறை கருவியில்தான் என்று சொல்லிவிடுவான் என நினைத்தாள்.

“தங்கச்சிக்கு ரெண்டு நாளா காய்ச்சல். கை நடுங்குது. கருவி மேல ஒரு குறையும் இல்லீங்க.”

வீட்டில் அம்மா சொன்னாள்: “நல்லவேளை, அண்ணன்காரன் உன் மானத்தக் காப்பாத்தினான்.”

நடத்துனர் வேறொருத்தியை எடுத்துக்கொண்டார் என்று தெரிந்த அன்று பிற்பகல், கூடத்தில் பழைய கருவியை வாசித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசற்படியில் வந்து நின்றான்.

“முதலாளி முன்னாடி வேற என்னத்தச் சொல்றது? தப்பு எதுலன்னு எனக்குத் தெரியாதா?”

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். அவள் கை அசையவில்லை. சுரம் மட்டும் நெளிந்து மேலேறியது. அருகில் வருவது யார் உடம்பானாலும் அந்தக் கம்பிக்கு ஒன்றுதான்.

“அங்கேயே நில்லுண்ணே.”

நின்றான். அவள் திரும்பவில்லை. கையை நூலளவு பின்னுக்கு இழுத்து, அவன் நிற்கும் தூரத்தையும் சேர்த்துக்கொண்டு, சுரத்தை அதன் இடத்துக்கு இறக்கினாள்.